தங்கத் தூண்டில்

நாகலிங்கத்துக்கு அன்று தியானம் கூடவில்லை. கண்ணை மூடினால் ஏரிதான் வந்து நின்றது.

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் மொட்டைமாடியிலேயே உட்கார்ந்திருந்தார். குரு மங்கை பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வாய் நிறைய "குருவே" என்றுதான் கூப்பிடுவார்.

"குருவே, எங்க ஏரியை எடுத்துட்டாங்க."

"யாரு ஐயா, கார்ப்பரேஷனா?"

"இல்லை, கேம் கம்பெனிக்காரன்."

செல்போனில் ஆடும் விளையாட்டு அது. டொரண்டோவில் இருக்கும் மகன் இனியன்தான் பழக்கிவிட்டான். அதில் ஒரு ஏரி. தினமும் காலையில் அப்பாவும் மகனும் அதன் கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். முந்தாநாள் கம்பெனி தங்கத் தூண்டில் என்று ஒன்றை விற்றது. மகனை அசத்தலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வாங்கினார். விடிந்தால் புது அப்டேட். தூண்டில் இருக்கிறது, ஏரியைக் காணோம். விற்றவன் நாசமாய்ப் போக என்று அவர் சபித்ததில் தப்பே இல்லை.

"மீன் நிறைய கடிக்குமா?"

"எங்க! பேச்சு சுவாரசியத்துல அதை யார் கவனிச்சா?"

"அந்தப் பேச்சை போன்ல பேசலாமே."

"போன்ல எங்களுக்கு வராது குருவே. 'சாப்பிட்டியா'ம்பேன். 'சாப்பிட்டேன்'ம்பான். 'இரு, அம்மாகிட்ட தரேன்'னு குடுத்துடுவேன். ஏரி போனா என் பிள்ளையும் போயிடுவான்."

"இப்பவே போடுங்க" என்றாள் மங்கை.

போட்டார். இனியன் எடுத்தான்.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேன்ப்பா. நீங்க?"

"காபி ஆச்சு."

அதோடு சரக்கு தீர்ந்தது. "இரு, அம்மாகிட்ட தரேன்" என்று பழக்க தோஷத்தில் சொல்லி, பக்கத்தில் நின்ற குருவிடமே போனை நீட்டிவிட்டார்.

மங்கை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வாங்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் போனை மறுபடி காதில் வைத்தார்.

"தங்கத் தூண்டில் வாங்கி ஏமாந்துட்டேன்டா."



"நானும்தான்ப்பா. மறுநாள் உங்ககிட்ட காட்டலாம்னு வாங்கி வச்சிருந்தேன்."

நாகலிங்கம் சிரித்துவிட்டார். இருவரும் சேர்ந்து கம்பெனிக்காரனை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். திட்டி ஓய்ந்ததும் இனியனின் ஆபீஸ் வந்தது, அப்பாவின் முழங்கால் வலி வந்தது, சின்ன வயதில் அவனைத் துரத்திய நாய்கூட வந்தது. வெயில் மாடிக்கு ஏறிவிட்டது. நெஞ்சில் கிடந்த பாரம் எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

போனை வைத்த பிறகுதான் குரு காத்திருப்பது உறைத்தது.

"மன்னிக்கணும் குருவே, நேரம் போனதே தெரியலை. வந்த விஷயத்தை விட்டுட்டேன். அந்த ஏரிக்கு என்ன பண்றது?"

மங்கை கடைசிப் பாயையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மீன் ஏதாவது கடிச்சுதா ஐயா?" என்று கேட்டாள்.