ஈரம் போக மிச்சம்

கடற்கரை ஊர் ஒன்றில் காற்றிலுள்ள தூசியை அளக்கக் கற்றுக்கொடுத்துவந்தாள் ஜெசிந்தா. அவளிடம் பாடம் கேட்டவள் பிரம்மசக்தி. இருவருக்கும் ஆறேழு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

பிரம்மசக்தியின் தெரு நிலக்கரிக் கிடங்கை ஒட்டி இருந்தது. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் கருத்துவிடும். பிள்ளைகள் இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். தெரு கொடுத்த புகாரை விசாரிக்க அதிகாரி வரப்போகிறார் என்றதும், தூசி அளக்கும் சிறு பெட்டி ஒன்றைத் தன் வீட்டு மாடியில் மாட்டினாள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். தெருவே அவளை நம்பியிருந்தது.

விடியற்காலையில் பெட்டி காட்டிய எண் நானூறைத் தொட்டது. அதைப் படமெடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அன்றைக்கு முழுக்கத் தெருவில் திருவிழாதான். இனிமேல் எவன் வாயைத் திறப்பான் என்று டீக்கடை மாமா போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தாவும் படத்தைப் பார்த்தாள். பிரம்மசக்தி ஆய்வகத்துக்கு வந்ததும் கேட்டாள்.

"விடிகாலையில லாரி உண்டா?"

"இல்லை, டீச்சர். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற நேரத்துலதான் கிடங்கையே திறப்பாங்க."

"கடையடைப்பு அன்னைக்கு?"

ஒரு லாரியும் ஓடாத அந்த நாளிலும் விடியலில் எண் ஏறித்தான் இருந்தது. பிரம்மசக்தி அதைப் பார்த்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டிக்குள் ஒளி பாயும். அதைச் சிதறடிப்பதை எல்லாம் பெட்டி தூசி என்றே எடுத்துக்கொள்ளும். புழுக்கம் மிகுந்த கடற்கரையில், விடியற்காலைத் துகள்கள் ஈரத்தைக் குடித்து ஊதிப்போயிருக்கும். அவளுக்குத் தெரியாத பாடமில்லை இது.

"தூசி இருக்கிறது உண்மைதானே, டீச்சர்? எண் கொஞ்சம் கூடிப்போனா என்ன தப்பு?"

ஜெசிந்தா மோருக்குப் போட வைத்திருந்த உப்புச் சாடியை எடுத்தாள். கடல்காற்றில் உப்பு நசநசவென்று கசிந்திருந்தது. ஒரு கை அள்ளி ஆய்வகத் தராசில் வைத்து, எடையைப் பார்க்கச் சொன்னாள். பிறகு அதை வாணலியில் கொட்டி மின்னடுப்பில் வறுத்தாள். ஆவி அடங்கியது. உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. ஆறியதும் மறுபடி தராசில் வைத்தாள்.

"குறைஞ்சிருக்கு," என்றாள் பிரம்மசக்தி.

"வாயைத் திற."

ஒரு சிட்டிகை உப்பு அவள் நாக்கில் விழுந்தது. முகத்தைச் சுளித்தாள்.

"கரிப்பு குறைஞ்சிருக்கா?"

"இல்லை, டீச்சர்."

அன்றே பிரம்மசக்தி தன் வீட்டு மாடி ஏறினாள். காற்று நுழையும் குழாயில் சிறு சூடேற்றியைப் பொருத்தினாள், ஈரம் உலர்ந்த பிறகே காற்று உள்ளே போகும்படி. பெட்டியை வெயில் படாத மூலைக்கு மாற்றினாள். ஆய்வகத்தின் பெரிய கருவியைக் கெஞ்சி வாங்கி வந்து, பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள். விடியலின் நானூறு படுத்துவிட்டது. லாரிகள் ஓடும் பகலில் மட்டும் எண் நூற்றைம்பதுக்கு ஏறியது. அதுவும் அரசு வரம்பைத் தாண்டியதுதான்.

முதலில் போட்ட படம் தவறு என்று குழுவில் எழுதினாள். தெரு அவள்மேல் பாய்ந்தது. படித்த பிள்ளை என்று நம்பியதற்கு, இருந்த எண்ணையும் பாதிக்குமேல் வெட்டிவிட்டாளே என்றார் டீக்கடை மாமா. டீ ஆறிய பிறகுதான் அவளிடம் நீட்டினார். குடித்தாள். சூடேற்றியை மட்டும் கழற்றவில்லை.

விசாரணை நாள் காலையில் பெட்டியோடு ஜெசிந்தாவிடம் வந்தாள்.

"நானூறு எங்கே போச்சுன்னு கிடங்குக்காரங்க கேட்பாங்க, டீச்சர். சிரிப்பாங்க."

"கேட்கட்டும்."

"என்ன சொல்ல?"

ஜெசிந்தா பெட்டியை வாங்கி, முந்தானையால் துடைத்து, அவள் கையில் திரும்ப வைத்தாள்.

"கடலோட பங்கைக் கடலுக்குக் கொடுத்தாச்சுன்னு சொல்லு. மிச்சம் முழுக்க உங்களோடதுன்னு சொல்லு."