அலையேறின கட்டுமரம்

கேளுங்க இந்தக் கூத்தை! ரிசார்ட் முதலாளி ஞானதுரை புதுசா ரெட்டை உடம்பு ஃபைபர் பாய்ப்படகு ஒண்ணு இறக்கினார். இறக்கின கையோடு மூக்கால் முழங்கினார்: "ஓய் மிக்கேல்! உம்ம கட்டுமரத்தை என் படகோடு ஓட்டிப் பாரும். தோத்தவன் இந்தக் கரையைக் காலிபண்ணணும்!"

மீன்பிடிக்கிற மிக்கேல் அண்ணன் தினமும் கட்டுமரத்தின் நாலு மரங்களையும் அவிழ்த்துக் காயப்போடுவது அந்தக் கரையில்தான். வேறு இடம் கிடையாது.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "சரிங்கய்யா. ஆனா எங்க வழக்கப்படி, அலை தொடாத மேட்டுல ஏத்தினாத்தான் வந்து சேர்ந்ததாக் கணக்கு. ஓட்டிவந்த ரெண்டு பேரைத் தவிர யாரும் கைவைக்கக் கூடாது."

"ப்பூ, இவ்வளவுதானா!"

கடலுக்குள் தெரியும் பாறையைச் சுற்றித் திரும்பணும் என்று பேச்சு. கொடி விழுந்தது. முதலாளியும் மேனேஜரும் ஏறிய படகு விர்ர்ர்ரென்று பறந்தது! அண்ணனும் மச்சினன் சூசையும் ஏறிய கட்டுமரம் பாறையைச் சுற்றுவதற்குள் படகு கரை தட்டிவிட்டது. முதலாளி கையைத் தூக்கி போட்டோவுக்குச் சிரித்தார். சிரிக்கும்போதே அலை படகைப் பின்னால் இழுத்தது.

"இழுய்யா மேனேஜர்!"

"இழுக்குறேன் சார், வரமாட்டேங்குதே!"

அதற்குள் கட்டுமரம் வந்தது. மரங்களைச் சேர்த்துக் கட்டின கயிற்றை உருவினார்கள். ஆளுக்கொரு முனை பிடித்து ஒரு மரம் மேட்டில். ரெண்டாவது. மூணாவது. நாலாவதும் ஏறிவிட்டது! ஊரே விசிலடித்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்று முதலாளி கத்தினார்: "படகையே பிரிச்சா, அது போட்டியாய்யா?"

"உங்களதையும் பிரிச்சுக்குங்கய்யா. நாங்களா வேண்டாம்னோம்?"