குதிரைக்குப் பாடிய ஒப்பாரி

சுனையூர் ஜமீன்தாருக்கு மீசை பெரிசு. அதைவிடப் பெரிசு, குதிரை மேல் அவர் வைத்திருந்த பாசம். ஒருநாள் காலையில் குதிரை செத்துப்போனது. உடனே ஊருக்குள் தமுக்கு அடித்தார்கள்: குதிரையை அடக்கம் பண்ணும்வரை வேறு எந்தச் சாவுக்கும் யாரும் அழக்கூடாது!

ஒப்பாரி பாடும் ஒச்சாயியைக் கூட்டிப்போக அரண்மனை ஆள் வந்தபோது, அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கிடந்த அவள் மகள் அன்று விடியற்காலையில்தான் கண்ணை மூடியிருந்தாள்.

"நானே தேம்பி அழணும், அப்படிப் பாடு. இல்லேன்னா ஊரைவிட்டுத் துரத்திடுவேன்" என்றார் ஜமீன்தார்.

ஒச்சாயி குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்:

"கஞ்சிக்கு நீ அழுதப்போ காத்திருன்னு சொன்னேனே,
உலை கொதிக்கும் முன்னால உசுர விட்டுப் போனாயே!
மடியில நீ தூங்கையில மார்ச்சூடு தந்தேனே,
மண்ணுக்குள்ள குளிருமே, என் மயிலே என்ன செய்வே!"

ஜமீன்தார் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊரே அழுதது. மூக்கைத் துடைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஏய், குதிரை நின்னுக்கிட்டேதானே தூங்கும்? இது யார் மடியில தூங்குச்சு?"

"என் மடியில சாமி. குதிரை இல்ல, எம்மக. வேற சாவுக்கு அழக்கூடாதுன்னு உத்தரவு. நான் பாடத்தான் செஞ்சேன். எம்மகளுக்காக அழுதது நீங்கதான்."

ஒச்சாயி எழுந்து வீட்டுக்கு நடந்தாள். குதிரையை விட்டுவிட்டு ஊர் முழுக்க அவள் பின்னால் போனது.

மகளை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பாட வாய் வரவில்லை. இருந்த பாட்டையெல்லாம் அவள் குதிரையின் தலைமாட்டிலேயே பாடித் தீர்த்திருந்தாள்.