மறியல்

டொரொண்டோவின் ஓரத்தில், ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் சின்ன மடம் ஒன்று இருந்தது. அதை நடத்திய நல்லையா சாமி யாழ்ப்பாணத்துக்காரர். தேவாரத்துக்கு அடுத்தபடி அவருக்குப் பிடித்தது ஐஸ் ஹாக்கி. இதைக் கேட்டுச் சிரித்தவர்களையும் அடுத்த வாரமே ஆட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்.

அவருடைய சீடர் தவசி உசிலம்பட்டிப் பக்கம். வயதில் சாமிக்கு மூத்தவர். உழைப்பில் இரண்டு ஆள், கோபத்தில் நாலு ஆள்.

அந்த வெள்ளிக்கிழமை அன்னதானத்தில், வரிசை தாண்டி வந்த ஒருவரைத் தவசி பிடித்துத் தள்ளிவிட்டார். இது முதல் தடவையும் இல்லை. கூடப் பரிமாறுகிறவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரை அனுப்பிவிடும்படி சாமியிடம் கேட்டார்கள். ஞாயிறு மாலை பதில் சொல்கிறேன் என்றார் சாமி.

தவசிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. தன்மேல் தப்பு என்பதும் அவருக்குத் தெரியும். அதுதான் இன்னும் கஷ்டம்.

ஞாயிறு மத்தியானம் சாமி வந்து நின்றார்.

"ஆட்டத்துக்கு வாறியளோ, தவசியண்ணை?"

பனித்திடலில் தமிழர்களுக்கென்று ஒரு மூலை உண்டு. ஃபிளாஸ்கில் தேநீர், பொட்டலத்தில் மரக்கறி ரோல்ஸ், நடுவில் சண்டை. சண்டை அவர்கள் அணியில் ஆடும் துவாரகனைப் பற்றி. பதினெட்டு வயது, ஆறடி உயரம், இடித்தால் எதிராளி மதிலோடு ஒட்டிக்கொள்வான். இவனால்தான் அணி தோற்கிறது, பெரிய அணி எதுவும் இவனைத் திரும்பிப் பார்க்காது என்பது தபால்காரர் குகதாசனின் கட்சி. இடிக்கத் தெரியாதவனை எவன் எடுப்பான் என்பது பஸ் ஓட்டும் ஜெயமலரின் கட்சி. இரண்டில் ஒருவர் வராத நாளில் மற்றவருக்கு ஆட்டமே ருசிக்காது.

"கெட்டிக்காரன்தான். ஆனா எந்த நாளும் மறியல்" என்றார் குகதாசன்.

தவசிக்கு இது நியாயமாகப் படவில்லை. "மறிக்கத்தானே அவன நிப்பாட்டிருக்காய்ங்க? நல்லா மறிக்கட்டும்."

அந்த மூலையே குலுங்கிச் சிரித்தது. ஜெயமலர் ஓரத்தில் இருந்த கண்ணாடிக் கூண்டைக் காட்டினார். முரட்டு ஆட்டம் ஆடினால் இரண்டு நிமிஷம் அதற்குள் உட்கார வேண்டும். "எங்கடை ஊரிலை மறியல் எண்டா ஜெயில், அண்ணை."

"எங்கூர்ல மறியல்னா பஸ்ஸ மறிக்கிறது" என்றார் தவசி. கொஞ்சம் யோசித்து, "மறிச்சா அப்புறம் ஜெயிலுதான்" என்றார்.

குகதாசன் சந்தோஷமாக அவர் கையில் ஒரு ரோல்ஸை வைத்தார்.

சொல்லி வாய் மூடவில்லை, துவாரகன் ஒருவனை இடித்துச் சாய்த்தான். நடுவர் விசில் ஊதினார். தலையைக் குனிந்தபடி கூண்டுக்குள் போய் உட்கார்ந்தான். அவனுக்குப் பதில் யார் இறங்குவார் என்று தவசி பார்த்தார். யாரும் இறங்கவில்லை. கோல் காப்பவரை விட்டால் ஐந்து பேர் ஓட வேண்டிய ஆட்டம். மிச்சம் நாலு பேரும் நாக்குத் தள்ள ஓடினார்கள். குகதாசன் துவாரகனின் ஏழு தலைமுறையையும் திட்டினார்.

கூண்டுக் கதவு திறந்தது. அவன் வெளியே வரவும், பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு அவன் பக்கம் சறுக்கி வரவும் சரியாக இருந்தது. முன்னால் ஒருவருமில்லை. தனியாகக் கொண்டுபோய்க் கோலுக்குள் அடித்தான்.

திட்டிய குகதாசன்தான் முதலில் குதித்தார். தவசியைக் கட்டிக்கொண்டு குதித்தார். தேநீர் ஜெயமலரின் மடியில் கொட்டியது, அவரும் குதித்தார். தவசிக்கு மடமும் மறந்தது, பயமும் மறந்தது. இரண்டு நாளாகக் காணாத சிரிப்பு அவர் முகமெல்லாம் பரவியது.

எல்லோரும் உட்காருவதற்குள் மறுபடி விசில். துவாரகன் இன்னொருவனைத் தள்ளிவிட்டான். மறுபடி மறியல். குகதாசன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெயமலருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

தவசி சிரிக்கவில்லை. கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"திருந்துற மாதிரி தெரியலயே சாமி. இப்படி ஒருத்தன வச்சுக்கிட்டு என்னதான் செய்யிறது?"

சாமி திடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் திரும்பி வரும்வரைக்கும் நாங்கள் நாலு பேராய் ஓடுவம், அண்ணை."