மாதையன் கைக்கு வந்த மிஷின்

கரட்டுப்பள்ளம் மடத்துக்கு மரம் அறுக்கிற செயின்சா மிஷின் வந்து ஒன்பது நாள் ஆகியும் மாதையனுக்கு அது வசப்படவில்லை.

ஆள் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. அறுபத்திரண்டு வயது. ஆறு வருஷமாக மடத்து அடுப்புக்கு விறகு பிளந்து போடுகிறவர் அவர்தான். மாதையன் கோடாலி விழுந்த இடத்தில் இன்னொரு வெட்டு தேவையில்லை என்று சமையல்கட்டில் பேசிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு மிஷின் பாடாய்ப் படுத்தியது.

கார்த்திகைப் பூசைக்கு இருபது நாள்தான் பாக்கி. பூசை நடக்கிற மூன்று நாளும் வருகிற சனத்துக்கெல்லாம் மடத்தில் சாப்பாடு. காற்றில் சாய்ந்த புளியமரம் ஒன்று கிணற்றடியில் முழுசாகக் கிடந்தது. அதை அறுக்கட்டும் என்று சேலத்துப் பக்தர் ஒருவர் வாங்கிக் கொடுத்த மிஷின் அது. எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, எங்கே எண்ணெய் விடுவது எல்லாவற்றையும் அவரே காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மாதையனும் சொன்னபடிதான் செய்தார். கயிற்றைச் சுண்டினால் மிஷின் உறுமும். மரத்தில் வைத்தால் பல் இறங்கும், தூள் பறக்கும். நாலு விரற்கடை இறங்கியதும் சத்தம் அடங்கி, செயின் மரத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

மிஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. விசையை அழுத்திப் பிடித்திருந்த அவர் கைதான் தானாகத் தளர்ந்தது. ஏன் தளர்கிறது என்று அவருக்கும் விளங்கவில்லை. வயசாகிவிட்டதோ என்று ராத்திரி படுத்துக்கொண்டு விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். விரல் நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கை தளர்ந்ததும் பதறிப்போய் மறுபடி அழுத்தினார். மிஷின் மூக்கு பக்கத்துக் கிளையில் பட்டு, முகத்துக்கு நேராக எம்பியது. தலையில் கட்டியிருந்த துண்டைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, அன்றைக்கு அது அப்படியே நடந்தது.

சத்தம் கேட்டு மடத்துத் தலைவி வடிவாம்பாள் அம்மா ஓடி வந்தார். அம்மாவுக்கு நாற்பத்துமூன்று வயது. மாதையனுக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். என்றாலும் மாதையனுக்கு அவர்தான் அம்மா, குரு, எல்லாம். அம்மாவோ அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அந்த 'அண்ணா' ஒவ்வொரு தடவையும் மாதையனை எங்கோ குத்தும். குத்தினாலும் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல ஆசையாக இருக்கும்.

"அடி பட்டுச்சாங்கண்ணா?"

"இல்லீங்கம்மா. துண்டுதான் கிழிஞ்சுது."

"நெசமாத்தான?"

"சத்தியமாங்க."

அம்மா மரத்தின் மேலேயே உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும் கேட்டார்.

"ஒன்பது நாளாக் கேட்டுக்கிட்டிருக்கறேன். மிஷின் கத்துது, நிக்குது. கத்துது, நிக்குது. என்ன விஷயம்?"

"கை சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குதுங்கம்மா. இதுக்கு எப்படிப் பழகறதுன்னு நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

"நான் என்னத்தக் கண்டேன்? எனக்கு வெங்காயம் அரியறதே தகராறு."

மாதையனுக்கு அந்த நடுக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"கோடாலி பிடிக்கறப்ப இப்படி ஆகியிருக்குதா?"

"ஒருநாளும் இல்லீங்க. அறுக்க ஆரம்பிச்சாத்தான்."

"முன்ன பின்ன மரம் அறுத்திருக்கறீங்களா?"

மாதையன் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முப்பது வருஷங்க."

"ஒத்தையாவா?"

"பெரிய ரம்பத்துக்கு ரெண்டு பேர் வேணுங்கம்மா. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்."

"அந்தப் பக்கம் யாரு?"

"தம்பிங்க. சடையன்."

மடத்துக்கு வந்த ஆறு வருஷத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் மளமளவென்று எல்லாம் வந்து விழுந்தது.

சண்டை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. சடையன் மகள் காவேரிக்குக் கல்யாணம். மாதையனுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, பெண்சாதியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காவேரியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அவள் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பன் பேர் தாய்மாமன்மாருக்கெல்லாம் கீழே நாலாவதாக அச்சாகியிருந்தது. அச்சாபீசில் மாற்றிவிட்டார்கள் என்றான் சடையன். உன்னைக் கேட்காமலா மாற்றினான் என்றார் மாதையன். வார்த்தை தடித்தது. ரோஷம் இருக்கிறதே, அதற்குச் சோறு தண்ணி ஒன்றும் வேண்டாம், சும்மா போட்டாலே வளரும். காவேரி கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் மாதையன் மடத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அம்மா கிழிந்த துண்டைக் கீழேயிருந்து எடுத்தார். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மாதையனிடம் நீட்டினார்.

"இதுதான் ரம்பம். எப்படி இழுப்பீங்க? காட்டுங்க."

மாதையன் இழுத்தார். இழுத்து முடித்ததும் அவர் பிடி தளர்ந்தது.

"ஏன் தளத்திட்டீங்க?"

"அப்பத்தானுங்க அந்தப் பக்கம் இருக்கறவன் இழுக்க முடியும். இழுக்கறது மட்டுந்தான் நம்ம வேலை. தள்ளக் கூடாது, தள்ளுனா ரம்பம் வளைஞ்சிரும். இழுத்துட்டு இளக்கிக் குடுத்தரணும்."

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார். ஒன்பது நாளாக அது யாருக்கு இளக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆறு வருஷம் கோடாலி பிடித்த கைக்கு ஞாபகம் வராத சடையன், மிஷினை மரத்தில் வைத்ததும் எதிரே வந்து நின்றிருக்கிறான். மாதையனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அம்மா தன் முறைக்கு இழுத்தார். இழுத்துவிட்டு இளக்கிக் கொடுத்தார். மாதையன் இழுத்தார். அம்மா இழுத்தார். அறுபடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, துண்டு பட்டையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாதையன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து கைக்கு வருகிற அந்த இழுப்புக்கு அவர் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தார் என்று அவருக்கே தெரியாது.

அம்மா ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கேட்டார்.

"சடையன் உங்களைத் தேடி வந்ததே இல்லையா?"

மாதையன் கண்ணைத் திறக்கவில்லை.

"வந்தானுங்க. போன கார்த்திகைக்கு."

"இங்கயா?"

"இங்கதாங்க. பந்தியில உக்காந்து சாப்பிட்டான். 'எங்கண்ணன் இருக்காரா'ன்னு பரிமாறினவங்ககிட்ட எல்லாம் கேட்டான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"விறகு அடுக்குக்குப் பின்னால."

"பாத்தீங்களா அவரை?"

"பாக்காம? தலையெல்லாம் நரைச்சுப் போச்சுங்கம்மா. ஒரு கண்ணுல வேற கட்டுப் போட்டிருந்தான். சாயங்காலம் கடைசிப் பஸ் வரைக்கும் வாசல் கேட்டுலயே நின்னான்."

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே."

"வந்துட்டா மட்டும் ஆச்சான்னு நெனச்சேனுங்க. பஸ் கெளம்பினதும் ஓடுனேன். தூசிதான் இருந்துச்சு."

அம்மா துண்டை விடவில்லை.

"இப்பத் துண்டு யார் பக்கம் இருக்குதுங்கண்ணா?"

"உங்க பக்கங்க. இப்பத்தான இழுத்தீங்க."

"அப்ப அடுத்து இழுக்க வேண்டியது?"

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பதில்தான். மாதையன் துண்டின் முனையைப் பிடித்தபடி நின்றார். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"போனா, அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா?"

"நீங்க விறகுக்குப் பின்னால ஒளிஞ்சதை விடவா பெருசு?"

மாதையன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பதினோரு மணிக்கு பஸ் இருக்குது," என்றார் அம்மா.

"இன்னைக்கேங்களா?"

"இன்னைக்கேதான்."

"விறகு கெடக்குதுங்களே அம்மா. பூசைக்கு நாள் நெருங்கிருச்சு."

"விறகு கடையில வாங்கிக்கலாம்."

"எதுக்குங்க வாங்கிக்கிட்டு? பூசை முடியட்டும், கண்டிப்பாப் போறேன். அதுவரைக்கும் இந்த மிஷினோட போராடி எப்படியாவது கையைப் பழக்கிடறேன். கை பழகிருச்சுன்னா இந்த மரமெல்லாம் ரெண்டு நாள் வேலை. எல்லாத்தையும் அறுத்து அடுக்கிட்டு, நிம்மதியா..."

அம்மா எழுந்து வந்து துண்டை உதறி மாதையன் தோளில் போட்டார்.

"வேண்டாங்கண்ணா. கை ஒத்தையாப் பழகிருச்சுன்னா, அப்புறம் நீங்க போக மாட்டீங்க."