சீறுகிற பானையை எடுத்த சிலம்பாயி

ஒரு கரட்டு அடிவாரத்தில் ஓர் ஊர் இருந்ததாம். மற்ற ஊரிலெல்லாம் வீட்டுக்கு ஒரு நாய் என்றால், அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பாம்பாம். நிஜப் பாம்பா என்று கேட்காதே, நிஜப் பாம்புதான், அதுவும் விஷப் பாம்பு. மண்பானையில் விட்டு, பானை வாயைத் துணியால் கட்டி வளர்ப்பார்கள். விஷத்தைக் கறந்து மலைக்கு அந்தப் பக்கத்து வைத்தியருக்குக் கொடுப்பார்கள். அடுத்த ஆடி வந்ததும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சத்தியம் செய்து கூட்டிக்கொண்டு வந்ததல்லவா, பாம்பானாலும் ஏமாற்றக்கூடாது.

புது மருமகள் வந்தால் வேறு ஊரில் விளக்கேற்றச் சொல்வார்கள். இங்கே மூன்று பானையை முன்னால் வைத்து, உனக்கென்று ஒன்றை எடுத்துக்கொள் என்பார்கள். எடுத்தால் மருமகள். பயந்து எழுந்துவிட்டாளோ, வாசலில் வண்டி தயாராக நிற்கும், அன்றைக்கே பிறந்த வீடு. இன்னொரு சட்டமும் உண்டு. ஒருத்தி பானையை இன்னொருத்தி திறக்கக்கூடாது, மாமியாரே ஆனாலும். இதை ஞாபகத்தில் வை, அப்புறம் நடுவில் என்னைத் தொணதொணக்காதே.

அந்த ஊருக்கு, ஆடு மேய்க்கிற குடும்பத்திலிருந்து சிலம்பாயி என்று ஒரு பெண் வாழ வந்தாள். கட்டினவன் சடையன். நல்லவன்தான், ஆனால் அம்மா முன்னால் வாயைத் திறக்கமாட்டான், அதில் என்ன அதிசயம். அம்மா குருவம்மாவோ திறந்த வாயை மூடமாட்டாள். கோலம் கோணினால் கத்துவாள், குழம்பு கொதித்தால் கத்துவாள், கொதிக்காவிட்டாலும் கத்துவாள்.

சிலம்பாயிக்கு மண்புழுவைக் கண்டாலே கால் கூசும். திரும்பிப் போகலாம் என்றால் எங்கே போவது? அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவள் படுத்திருந்த மூலையில், அவள் வண்டியேறின அன்றைக்கே அண்ணி ஆட்டுக்குட்டிகளைக் கட்டிவிட்டாள். போதாததற்குச் சடையனை வேறு அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

அந்த வீட்டில் மூத்த மருமகள் ஒருத்தி இருந்தாள், பவுனு என்று பெயர். பேச்செல்லாம் வெல்லப்பாகு. குருவம்மா கையில் எப்போதும் ஒரு வெள்ளிப் பூண் போட்ட கவைக்கோல் இருக்கும், பாம்பு பிடிக்கிற கோல். "நல்லதாப் பார்த்து எடுக்கத் தெரிஞ்ச மருமகளுக்குத்தான் இது" என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். பவுனுக்கு அந்தக் கோல் மேலேயே கண். புதிதாக ஒருத்தி வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டால்?

அதனால், பானை எடுக்கிற அன்று காலையில், பவுனு தன் பானையைத் தூக்கிக்கொண்டு சிலம்பாயியிடம் வந்தாள்.

"சிலம்பு கண்ணு, பயமா இருக்காடா?"

"ஆமாக்கா. மண்புழுவைக் கண்டாலே ஓடறவ நான்."

"அட, இதைப் பாரு!" என்று தன் பானைக்குள் கையை விட்டாள். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டுப் போட்ட ஒரு பாம்பை எடுத்து, வளையல் மாதிரி கையில் சுற்றிக்கொண்டாள். "கட்டுவிரியன்டி. பூனைக்குட்டி மாதிரி இருக்கு பாரு. உன்னோட நடுப் பானையில இருக்கறதும் இதேதான். அதையே எடு, எடுத்து எல்லார் முன்னாலயும் இப்படிக் கையில சுத்திக்காட்டு. அத்தை அசந்துபோயிடுவாங்க."

அதற்குள் "பொழுது ஏறுது, இன்னும் என்னடி குசுகுசு?" என்று குருவம்மாவின் குரல் வந்தது. பவுனு பதறிப்போய்ப் பாம்பைப் பானையில் போட்டு, துணியைக் கட்டி, சிலம்பாயியின் பானைகளோடு சேர்த்து வைத்துவிட்டு ஓடினாள். குருவம்மா வந்தாள். "வழியிலயா வெப்பாங்க?" என்று நான்கு பானையையும் இழுத்துக் களத்தில் போட்டாள். ஒரே குயவன் சுட்ட பானை, ஒரே சேலையில் கிழித்த துணி. எது யாருடையது?

ஊர் கூடியது. பானைகள் நான்காயிருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். "என்னோடதும் கலந்துபோச்சு, அப்புறம் எடுத்துக்கறேன்" என்றாள் பவுனு.

சிலம்பாயி முதல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், காதை வைத்தாள். "ஐயா, ஆடி வரைக்கும் என்னோட இருக்கியா?" என்று கேட்டாள். உள்ளே கண்ணாடி விரியன். "இருக்கேன், இல்லேங்கறேன், தூக்கம் வருது" என்று சோம்பல் முறித்தது. இதன் மனசு இதற்கே தெரியவில்லையே என்று நகர்ந்தாள்.

அடுத்த பானையில் கேட்டாள். பதில் இல்லை. அதற்கடுத்த பானையிலும் கேட்டாள். அதிலும் ஒரு சத்தமில்லை. அவள் காதைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். ஏன் தெரியுமா? முட்டுகிற கிடா தலையைத் தாழ்த்தி, காலால் மண்ணைக் கீறும், அப்போதே விலகிக்கொள்ளலாம். ஒன்றும் சொல்லாமல் நின்ற கிடாதான் அவள் அண்ணனின் விலாவை உடைத்தது.

கடைசிப் பானையில் காதை வைத்தாள், அவ்வளவுதான்! "யாருடி அவ? தள்ளிப் போ! கிட்ட வந்தே, போட்டுடுவேன்! சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே!" என்று நல்லபாம்பு படமெடுத்துச் சீறின சீறலில், கட்டின துணி உப்பி உப்பி அடங்கியது. ஊரே பின்னால் நகர்ந்தது. சிலம்பாயி மட்டும், இதுதான் என்னுடையது என்பதற்கு அடையாளமாக, அந்தப் பானைக்கு மஞ்சள் பூசினாள். "அத்தை, எனக்கு இது."

"ஏண்டி, இருக்கறதிலயே கத்தறதை எடுத்திருக்கே?"

"இது சொல்லிட்டுக் கோவப்படுது அத்தை. எவ்வளவு தூரத்துல நிக்கணும்னு இதுவே காட்டிக்கொடுக்குது. முதமுதல்ல பழகறவளுக்கு அது போதாதா?" என்றவள், கொஞ்சம் தயங்கி, "அதோட, இது சீறினப்போ உங்க ஞாபகம் வந்துச்சு" என்றாள்.

சடையன் கண்ணை மூடிக்கொண்டான். குருவம்மா மருமகளைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள் பாரு, கரட்டிலிருந்த மயிலெல்லாம் பறந்துபோனது.

பவுனுக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன அத்தை கூத்து? என் கட்டுவிரியனைக் கையிலயே சுத்திக்கறேன், அதே மாதிரி இருக்கறதை எடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கலை!"

குருவம்மாவின் சிரிப்பு நின்றது. "கட்டுவிரியனைக் கையில சுத்தச் சொன்னியா? சரி தாயீ. உன் பானையை எடு. சுத்திக்காட்டு."

பவுனு எழுந்தாள். சத்தமில்லாத பானை இரண்டு. ஒன்றின் முடிச்சில் கை வைத்தாள், எடுத்துவிட்டாள். மற்றதில் வைத்தாள், எடுத்துவிட்டாள். மறுபடி முன்னதுக்கே வந்தாள், அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

"அத்தை, எனக்கு எதுன்னு தெரியலை. என்னோடது கட்டுவிரியனே இல்லை. வெள்ளிக்கோல் வரையன். வாழ வந்த அன்னைக்கே பயத்துல மாத்திட்டேன். ஆடிக்கு ஆடி வரையனையே பிடிக்கறேன், விஷம் கேட்டா ஏதாவது சாக்குச் சொல்லிடறேன்."

வரையன் பார்ப்பதற்குக் கட்டுவிரியன் மாதிரியே இருக்கும், விஷம் மட்டும் இருக்காது. சிலம்பாயியை எடுக்கச் சொன்ன நடுப் பானையில் இருந்ததோ நிஜக் கட்டுவிரியன். யாரும் திறக்கக்கூடாத பானை, யாருக்குத் தெரியும்?

"நீ பயந்ததுக்கு உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் குருவம்மா, முதல் தடவையாகக் கத்தாமல். "பயப்படறவளைச் சாகச் சொன்னே பாரு, அதுக்குத்தான். ஒண்ணை எடு, இல்லே வண்டியில ஏறு."

சிலம்பாயிக்காகத் தயாராக நின்ற வண்டியில் பவுனு ஏறினாள். சிலம்பாயி ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, எனக்கும் பயம்னு காலையிலேயே என்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேருமா உக்காந்து அழுதிருப்போமே" என்றாள். அறுவடை முடிந்து பவுனு திரும்பி வந்தாள். வந்த கையோடு மூன்று பானை முன்னால் உட்கார்ந்தாள். கோல் வந்திருந்தது சிலம்பாயி கைக்கு. அதைத் தூக்கிக்கொண்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆடி வந்தது. சிலம்பாயி நல்லபாம்பைப் புற்றடியில் கொண்டுபோய் விட்டாள். அது பாதி உள்ளே போய், திரும்பிப் படமெடுத்து, "தள்ளி நில்லுடி, கால் இடறப்போகுது!" என்று சீறிவிட்டுப் போனது.

பாம்பு புற்றுக்குப் போனது, கோல் மூலைக்குப் போனது, நீ பாய்க்குப் போ. சீறுகிறவர்களிடம் பயமில்லாமல் இரு, வழவழவென்று பேசுகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளி இரு. அம்மா கத்தினால் இனிமேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.