கீழிருந்து எழுதிய கணக்கு

தென்காசிப் பக்கம் ஒரு குரு இருந்தார். காவி கிடையாது, தாடிக்கு வழியே இல்லை. பெயர் ஜெபமலர். வயது நாற்பத்தொன்று. உயர்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர்.

சீடருக்கு வயது ஐம்பத்துமூன்று. பெயர் சங்கரநயினார், தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். கணக்கில் தனக்கு ஆழம் போதாது என்று தானே உணர்ந்து, சனிக்கிழமைதோறும் நோட்டும் பேனாவுமாகக் குருவின் வீட்டுக்குப் போவார். ஊரில் சிரித்தவர்கள் உண்டு. அவர் கண்டுகொள்ளவில்லை. அந்த விஷயத்தில் மனுஷன் தங்கம்.

சந்தேகப்படுவதில்தான் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்றைக்கு வந்ததும் நோட்டைத் திறக்காமலே கேட்டார்.

"டீச்சர், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு அல்ஜீப்ரா சொல்லிக் குடுக்கலாமா?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"பொதுவாக் கேக்குதேன்."

"பொதுவா ஒரு பிள்ளையை நான் பாத்ததில்ல சார்."

சங்கரநயினார் வழிக்கு வந்தார். பிள்ளையின் பெயர் முப்பிடாதி. குருவின் பள்ளியில், கெட்டிக்காரச் சின்னப் பிள்ளைகளுக்கு இப்போதே அல்ஜீப்ரா நடத்த ஒரு வகுப்பு தொடங்கப் போகிறார்கள். சங்கரநயினாரின் பள்ளிக்கு ஒரே ஓர் இடம். திங்கட்கிழமைக்குள் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் இடம் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

"போட வேண்டியதுதான?"

"அவ களவாணித்தனம் பண்ணுதா டீச்சர்."

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் சொன்னார். வகுப்பில் அவர் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் அந்தப் பெண் ஆறேழு வரி இடம் விட்டுவிட்டு, அடியில் முதலில் விடையை எழுதுகிறாள். அப்புறம்தான் வழி எழுதுகிறாள். அப்படியென்றால் விடை எங்கிருந்தோ வருகிறது. புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து என்று நினைத்து அந்தத் தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டார். அப்போதும் விடை வந்தது. அவளுடைய அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், கையெழுத்துக்காக மூன்று முறை வந்து நின்றுவிட்டுப் போனார். அந்த ஆள்தான் வீட்டில் மனப்பாடம் பண்ண வைத்து அனுப்புகிறாரோ என்று இப்போது அவர் மேல் சந்தேகம்.

"நம்பி அனுப்பிட்டு, உங்க கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நடுவுல அவ முழிச்சா என்ன செய்ய? முந்தி ஒரு பயல இப்படித்தான் நான் மேல தூக்கி விட்டேன். மூணே மாசம். கணக்கு நோட்டை எடுத்தாலே அழ ஆரம்பிச்சிட்டான்."

இதைச் சொல்லும்போது அவர் கையிலிருந்த நோட்டைத் தள்ளி வைத்தார். குரு அதைக் கவனித்தார்.

"பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. ஒரு கணக்கு நீங்களே உண்டாக்குங்க. எந்தப் புத்தகத்திலயும் இருக்கக் கூடாது. விடை உங்க மனசுல மட்டும் இருக்கட்டும்."

ஒரு மணி நேரத்தில் முப்பிடாதி வந்தாள். கூட வந்த அப்பாவைச் சங்கரநயினார் தெருமுனை வரைக்கும் போகச் சொன்னார். பெண்ணின் நோட்டை உதறிப் பார்த்தார். அவளைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தார். கணக்கைச் சொல்வதற்கு முன், விடையை முணுமுணுத்துத் தன் உதடு அசைந்துவிடக் கூடாதே என்று ஒரு தடவை விரலால் தொட்டுக்கொண்டார். குரு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஒரு எண்ணோட மூணு மடங்கு. அதோட இருபத்திரெண்டைக் கூட்டுனா, அதே எண்ணோட அஞ்சு மடங்கு வருது. என்ன எண்?"

முப்பிடாதி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு நோட்டை விரித்து, ஆறு வரி விட்டு, அடியில் பதினொன்று என்று எழுதினாள்.

சங்கரநயினார் எட்டிப் பார்த்தார். விடை சரி. ஆனாலும் விடவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்? இதத்தான் சொன்னேன். அடியில முதல்ல எழுதுதா."

குரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேல எதுக்கும்மா இடம் விட்டிருக்க?"

"வழி எழுதணும்லா. எழுதலேன்னா சார் மார்க் தர மாட்டாவ."

"விடை எப்படி வந்துச்சோ அதையே எழுதலாமே?"

முப்பிடாதி தலைமையாசிரியரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"சார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொல்லு."

"தெரியாத எண்ணை ஒரு டப்பாக்குள்ள வச்சிக்கிடுவேன் டீச்சர். இந்தப் பக்கம் மூணு டப்பாவும் இருபத்திரெண்டும். அந்தப் பக்கம் அஞ்சு டப்பா. ரெண்டு பக்கமும் மூணு மூணு டப்பாவை எடுத்துட்டேன். இங்க இருபத்திரெண்டு மிச்சம். அங்க ரெண்டு டப்பா மிச்சம். அப்பம் ஒரு டப்பால பதினொண்ணு."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. அப்பா வண்டில பெட்டி ஏத்துவாவ. பாத்துக்கிட்டே இருப்பேன்."

"நோட்டுல டப்பா போட வேண்டியதுதான?"

"ஒருக்கா போட்டேன். சார் சிவப்பு மையில கோடு போட்டு, 'கணக்கு நோட்டில் படம் வரையாதே'ன்னு எழுதிட்டாவ. அதான் விடையைக் கண்டுபிடிச்சிட்டு, சாருக்குப் பிடிச்ச மாதிரி வழியைக் கீழ இருந்து மேல எழுதுதேன்."

சங்கரநயினாருக்கு ஞாபகம் வந்தது. ஜூன் மாதம். ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. வகுப்பில் கவனம் இல்லாமல் கிறுக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தார். எந்தக் கணக்கு என்றுகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது.

குரு முப்பிடாதியை அப்பாவிடம் அனுப்பிவிட்டு வந்தார். சீடர் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் மனசு ஆறவில்லை.

"பின்னமே இன்னும் நான் நடத்தி முடிக்கலியே டீச்சர். அல்ஜீப்ரா அவளுக்குக் கஷ்டமா இருக்காதே?"

"இருக்காது சார். அது அவளுக்குத் தானா வந்துட்டு."

"அப்ப இனி நான் பயப்பட ஒண்ணுமில்ல."

குரு அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்தார்.

"இந்த வருஷம் அவ இன்னொண்ணும் படிச்சிருக்கா சார். தெரிஞ்சதை வாத்தியார்ட்ட எப்படி மறைக்கிறதுன்னு. அது உங்க வகுப்புல படிச்சது. மறக்க வைக்க வேண்டியதும் நீங்கதான்."